நீலத்துக்குக் கீழே

குணலட்சுமிக்கு முதல் தடவை அம்மன் கலை வந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அவளுக்கு அறுபத்து நான்கு வயது. அதற்கு முன் அவள் கோயிலில் உரத்துக் கதைத்ததுகூட இல்லை.

மருதனார்மடம் சந்தியிலிருந்து கிழக்கே போகும் ஒழுங்கையில் இருக்கிற சின்ன அம்மன் கோயில் அது. மதியப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்தவள் பூவை விட்டாள். கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. கண்கள் எதையோ பார்த்தபடி நிலைத்துவிட்டன. வாயில் இருந்து வந்த சொற்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. கோயில் கூட்டிப் பெருக்கும் சின்னாச்சி தும்புத்தடியைப் போட்டுவிட்டுக் கையெடுத்தாள்.

"அம்மாளாச்சி வந்திட்டா! குணத்திலை அம்மாளாச்சி இறங்கியிட்டா!"

பூசாரி பனங்கட்டி கரைத்த பானகத்தைக் கொண்டுவந்து பருக்கினார். பத்து நிமிடத்தில் குணலட்சுமி பழைய குணலட்சுமி ஆனாள். தன்னைச் சுற்றி ஏன் சனம் நிற்கிறது என்று கேட்டாள்.

எல்லோரும் அம்மாளாச்சி என்ன சொன்னா என்பதை அறியத் துடித்தார்கள். அவளுடைய புருசன் பஞ்சலிங்கம் மட்டும் அது எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பதினொன்று பத்து என்றார்கள். அடுத்த வெள்ளி பதினொன்று இருபது. அதற்கடுத்த வெள்ளி பதினொன்று ஐந்து.

"அம்மாளாச்சி மணிக்கூடு கட்டியிருக்கிறாவோ?" என்று சின்னாச்சியிடம் கேட்டார்.

"உமக்கு நக்கல், ஓவசியர். பூசை நேரத்துக்கு வராமல் பின்னை எப்ப வாறது? நீர் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கோ?"

பஞ்சலிங்கம் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். முப்பத்திரண்டு வருடம் வன்னிக் குளங்களில் நீர்மட்டம் பார்த்து எழுதியவர். ஒரு இலக்கத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பக்தி இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. அம்மன் வந்தால் வரட்டும், ஏன் பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் இடையில் மட்டும் வருகிறா என்பதுதான் அவருடைய கேள்வி. அறுபத்து நாலு வருடம் வராமல் இப்போது ஏன் என்பது இரண்டாவது கேள்வி. அதற்கும் சின்னாச்சியிடம் பதில் இருந்தது. வயது போகப் போக உடம்பு சுத்தமாகிறதாம்.

அவர்கள் வீட்டில் உடம்பு சுத்தமாவதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. அவருக்கு இடது காது அடைத்துப்போயிருந்தது. ஹெலி வரும் சத்தம் அவருக்குக் கடைசியாகத்தான் கேட்கும். அவள் சாரத்தைப் பிடித்து இழுத்துப் பங்கருக்குள் தள்ளுவாள். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாது, அவர்தான் கோர்த்துக் கொடுப்பார். அவருக்கு முழங்கால் மடங்காது, கீழே விழுந்ததை அவள்தான் எடுப்பாள். அவளுக்கு உள்ளங்கால் எரிவு. அவருக்குப் பிரசர். இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் வரும் என்று அவள் சொல்லுவாள்.

அவளுக்குச் சீனி வருத்தம் வந்து பதினான்கு வருடம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இரண்டு பெரிய வெள்ளைக் குளிசை. யுத்தத்தால் பொருளாதாரத் தடை வந்த பிறகு அந்தக் குளிசை ஊருக்குள் வருவது நின்றுபோனது. சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் அப்போதிக்கரி கிருபைரட்ணம் கையை விரித்துவிட்டார். "வந்தால் சொல்லி அனுப்புறன். அதுவரைக்கும் நடவுங்கோ. சோத்தைக் குறையுங்கோ." நடந்தாள். குறைத்தாள். கால் எரிவு கூடியது.

பஞ்சலிங்கம் ஒவ்வொரு நாள் காலையிலும் அவளுடைய சலத்தைச் சோதிப்பார். அப்போதிக்கரி கொடுத்த நீலத் திராவகத்தைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் விட்டு, எட்டுத் துளி சிறுநீர் சேர்த்து, கொதிநீர்த் தகர ரின்னுக்குள் நிறுத்திவைப்பார். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறும். செங்கல் நிறம் வந்தால் மோசம். தைப்பொங்கல் வரைக்கும் செங்கல்தான்.

தை கடைசியில் சுவிஸில் இருக்கிற மகன், கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி குளிசை கொடுத்துவிட்டான். குளிசை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பெட்டியில் இருந்த எழுத்து இங்கிலீசு எழுத்து, ஆனால் இங்கிலீசு இல்லை. இலக்கம் மட்டும் விளங்கியது. பஞ்சலிங்கம் அதைப் பார்த்து, காலையில் மூன்றாகப் போடச் சொன்னார். மூன்றாம் நாள் குழாய் நீலமாக நின்றது.

"நீலம்!" என்று கத்தினார். அடுப்படிக்குள் இருந்த அவள் பயந்துபோனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நீலம். இருவரும் அதைப் பற்றிப் பெருமையாக இருந்தார்கள்.

பங்குனியில் கைதடியில் பஞ்சலிங்கத்தின் ஒன்றுவிட்ட தமையன் செத்தார். முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலும் இல்லை, வெள்ளி விரதமும் இல்லை. நாலு வெள்ளிக்கிழமை கலை வரவில்லை. பஞ்சலிங்கம் இதைக் குறித்துக்கொண்டு சின்னாச்சியிடம் போனார்.

"கோயிலுக்குப் போகேல்லை, வரேல்லை. அப்ப கோயிலுக்குள்ளைதான் ஏதோ இருக்கு. சாம்பிராணிப் புகையோ என்னவோ."

"துடக்கு வீட்டுக்காரியிலை அம்மாளாச்சி வருவாவோ? கேள்வியைப் பார்."

துடக்குக் கழிந்த முதல் வெள்ளி, அவளைப் புகை படாத இடமாகக் கிணற்றடிப் பக்கம் இருத்தினார். பதினொன்று பதினைந்துக்கு நடுங்கத் தொடங்கினாள். அடுத்த வெள்ளி மேளகாரர் வரவில்லை, மேளச் சத்தம் இல்லாமலே வந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஓடியது. கை ஐஸ் மாதிரி இருந்தது. பானகம் குடித்துப் பத்து நிமிடத்தில் நாடி இறங்கியது. பானகத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் சொல்ல, "பின்னை? குளிர்த்தி செய்தால் அம்மாளாச்சி போவா. இதுகூடத் தெரியாமல் எப்பிடி உத்தியோகம் பார்த்தனீர்?" என்றாள் சின்னாச்சி.

அவர் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றும் அம்மனுக்கும் பொருந்தியது. அதுதான் அவரை ஆட்டிவைத்தது.

இதற்குள் சனம் சேர்ந்துவிட்டது. ஆட்களைத் தொலைத்துவிட்டு இருந்தவர்கள் ஊருக்குள் நிறையப் பேர். ஒழுங்கை முகப்பில் இருக்கிற இராசாத்தியின் ஒரே மகன் தை மாதம் கிளாலிக் கடலேரியால் போனவன். அக்கரையில் அவனைக் கண்டவர்கள் இல்லை. இராசாத்தி குணலட்சுமியின் காலடியில் இருந்து கேட்டாள்.

"தாயே, என்ரை பெடியன் எங்கை நிக்கிறான்?"

குணலட்சுமிக்குப் பல் கிட்டியது. "குளிருது," என்றாள். "குளிருது... குளிருது."

சின்னாச்சி அதைச் சனத்துக்கு விளக்கினாள். "குளிர் தேசத்திலை நிக்கிறானாம். போய்ச் சேர்ந்திட்டானாம்." இராசாத்தி நிலத்தில் விழுந்து அழுதாள். அன்றைக்குப் பின் அவள் நெற்றியில் திருநீறு பூசிச் சிரித்துக்கொண்டு சந்தைக்குப் போவதைப் பஞ்சலிங்கம் கண்டார். அதைப் பார்த்தபோது, விசாரணையை விட்டுவிடலாமோ என்று ஒருதரம் யோசித்தார். ஒருதரம்தான்.

வைகாசி மாதத்து இரண்டாம் வெள்ளி நிலைமை கெட்டது. வல்வெட்டித்துறையில் இருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். கலை வந்ததும் பூசாரி பானகச் செம்போடு எழும்பினார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா! நாங்கள் இன்னும் கேக்கேல்லை!"

"விடியக் காலமை வெளிக்கிட்டனாங்கள். ஒருக்காக் கேக்க விடுங்கோ."

பூசாரி செம்பை வைத்துவிட்டு இருந்தார். பஞ்சலிங்கம் வெளியில் நின்றார், இடது காதுப் பக்கமாக நடந்த எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். பதில் நின்ற பிறகும் கேட்டார்கள். பிறகு அவள் சரிந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. வாயால் நுரை வந்தது. இப்படி ஒரு அம்மனைச் சின்னாச்சியும் பார்த்ததில்லை, அவள் பின்வாங்கிச் சுவரோடு நின்றாள்.

பஞ்சலிங்கம் சனத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முழங்கால் மடங்காததால் குனிய முடியவில்லை. விழுந்து, அப்படியே அவளுடைய தலைமாட்டில் கிடந்தார். செம்பின் அடியில் கரையாமல் கிடந்த பனங்கட்டியை விரலால் வழித்து அவளுடைய கன்னக் கொடுப்புக்குள் தேய்த்தார். அவருக்குக் காரணம் தெரியாது. பானகம் குடித்தால் போகிறது என்பது மட்டும் தெரியும். தேய்த்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடத்துக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்து, "ஏனப்பா கீழை கிடக்கிறியள்?" என்றாள். அவளுடைய வாயின் ஒரு பக்கம் பின்னேரம் வரைக்கும் கோணியிருந்தது.

மறுநாள் காலை குளிசைப் பெட்டியையும் சலச் சோதனை எழுதும் கொப்பியையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனார்.

கிருபைரட்ணம் உடுவில் பக்கத்து வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். எழுபது வயது, மெலிந்த ஆள். வெள்ளிக்கிழமைகளில் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, பெட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எத்தினை போடுறா?"

"காலமை மூண்டு."

கிருபைரட்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு போடச் சொல்லி ஆர் சொன்னது?"

"நான்தான். பழசிலை ஐந்நூறு எண்டு போட்டிருந்தது. அதிலை ரெண்டு போட்டவ. இதிலை அஞ்சு எண்டுதான் கிடக்கு. கணக்குப்படி பார்த்தால் இருநூறு போட வேணும். அது வடிவில்லை எண்டிட்டு மூண்டு போடச் சொன்னனான்."

"இருநூறு குடுக்காமல் விட்டியளே, கர்த்தருக்குத் தோத்திரம்."

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை.

"உது வேறை மருந்து, ஓவசியர். பழையதிலை ரெண்டு செய்யிற வேலையை இதிலை ஒண்டு செய்யும். நீங்கள் மூண்டு குடுத்திருக்கிறியள். மற்ற நாளிலை சாப்பிடுறபடியாலை தப்பியிருக்கிறா. வெள்ளிக்கிழமை குளிசையையும் குடுத்துப் பட்டினியும் போட்டால் ரத்தத்திலை சீனி எங்கை இருக்கும்? நடுங்கும், வேர்க்கும், புலம்பும். பிறகு வலிப்பு வரும்."

"நான் சோதிச்சனான் டொக்டர். ஒவ்வொரு நாளும் நீலம்." கொப்பியை விரித்துக் காட்டினார்.

"சலத்திலை சீனி இல்லாட்டி நீலம். ரத்தத்திலை அளவாய் இருந்தாலும் நீலம், குறைஞ்சாலும் நீலம், சாகக் கிடந்தாலும் நீலம். நீலத்துக்குக் கீழை அதிலை நிறம் இல்லை."

பஞ்சலிங்கம் கொப்பியை மூடினார். குளத்தில் நட்டிருக்கும் அளவுக்கம்பத்தில் பூச்சியத்துக்குக் கீழே கோடு கிடையாது. தண்ணீர் அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு நாளும் பூச்சியம் என்று எழுத வேண்டியதுதான். சேறு வெடிக்கும், மீன் சாகும், ஓவசியர் பூச்சியம் என்று எழுதுவார். முப்பத்திரண்டு வருடம் அதை எழுதியவருக்கு இது தோன்றவில்லை.

"இனிக் காலமைச் சாப்பாட்டோடை ஒண்டு," என்றார் கிருபைரட்ணம். "விரதம் கூடாது. நேற்று மாதிரி இன்னொருக்கா நடந்தால் எழும்பமாட்டா. எழும்பினாலும் ஆளாய் எழும்பமாட்டா. இந்த வயசிலை மூளை தாங்காது."

"நீங்கள் ஒருக்கா வந்து கோயிலடியிலை சொல்லுங்கோவன்."

"நானோ? வேதக்காரன் வந்து, உங்கடை அம்மன் ஒரு குளிசை எண்டு சொல்லுறதோ? நல்லாய் இருக்கும். நீங்கள் போட்ட பிழை, நீங்களே சொல்லுங்கோ."

வீட்டில் குணலட்சுமி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் முழுவதையும் சொன்னார். ஐந்நூறையும் ஐந்தையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள்தான் என்னை ஆட்டி வைச்சனீங்களோ?"

"ஓம்."

"சின்னாச்சி கேட்டால் உங்களை விழுந்து கும்பிடுவா."

அவள் முருங்கைக் கொப்பு ஒன்றை முழுவதும் உருவி முடித்தாள்.

"நான் நம்பேல்லை," என்றாள் பிறகு. "ஏழு வயசிலையிருந்து வெள்ளி பிடிக்கிறன். நீங்கள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டிப்போட்டு விடு எண்டால் விடுறதோ?"

"விடாட்டில் சாவீராம்."

"உங்களுக்கு அது வரேக்கை உள்ளை என்ன நடக்குது எண்டு தெரியுமோ?"

"தெரியாது. என்ன நடக்குது?"

"எனக்கும் தெரியாது. அதுதான் கேக்கிறன். எனக்கு உள்ளை ஒருத்தி வந்து போறாளோ இல்லையோ எண்டு நான் அறிய வேண்டாமோ?" முருங்கையிலையைச் சுளகில் தட்டினாள். "வாற புதன்கிழமை விரதம் பிடிக்கிறன். கோயிலுக்குப் போகமாட்டன், வீட்டிலை இருப்பன். புதன்கிழமை அம்மாளாச்சிக்கு இஞ்சை அலுவல் இல்லை. வந்தால் உங்கடை குளிசை. வராட்டி உங்கடை குளிசை இல்லை."

பஞ்சலிங்கம் அவளைப் பார்த்தபடி நின்றார். இரண்டு மாதம் புகையையும் மேளத்தையும் துரத்தித் திரிந்தவருக்கு வராத யோசனை அது. அப்போது அவருக்கு வந்தது பயமா, பொறாமையா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

கிருபைரட்ணம் கேட்டதும் கொதித்தார். "உது விசர் வேலை. நான் சம்மதிக்கமாட்டன்." குணலட்சுமி தானே டிஸ்பென்சரிக்கு நடந்து போனாள். "சம்மதம் கேக்க வரேல்லை டொக்டர். பக்கத்திலை இருப்பியளோ எண்டு கேக்க வந்தனான்," என்றாள். இருக்காவிட்டாலும் அவள் செய்வாள் என்பது அவருக்கு விளங்கியது. மூன்று குளிசை போட்டால் வரமாட்டேன், இரண்டு என்றால் வருவேன் என்றார். வியர்த்ததும் பானகம் குடிக்க வேண்டும் என்றார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: குடிப்பதற்கு முன் தன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இராசாத்தி கேட்ட அதே கேள்வி.

புதன்கிழமை விறாந்தையில் மூன்று கதிரை போட்டார்கள். ஸ்டூலில் பனங்கட்டிப் பானகம், டிஸ்பென்சரியில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு குளுக்கோஸ் மருந்து, ஊசி. மணிக்கூட்டைப் பஞ்சலிங்கம் மடியில் வைத்திருந்தார். காலை ஆறு மணிக்கு இரண்டு குளிசை போட்டவள், முதல் நாள் இரவுக்குப் பின் ஒன்றும் சாப்பிடவில்லை.

பதினொன்று பத்து. ஒன்றும் இல்லை. பதினொன்றரை. அவள் அப்போதிக்கரியின் மகளுடைய கலியாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளோ?" என்றாள் பஞ்சலிங்கத்திடம். "நான் நல்லாய்த்தானே இருக்கிறன்."

அவர் நாடியைப் பிடித்தார். எழுபத்தெட்டு. தன்னுடைய நாடிதான் ஓடுகிறது என்று அவருக்குத் தோன்றியது. இன்றைக்கு வராவிட்டால் அவள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள். வந்தால் இப்போது, இந்த விறாந்தையில். இரண்டில் எதை விரும்புவது என்று தெரியாமல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு அவள் அப்போதிக்கரியை முறைத்தாள்.

"வேதக்காரனுக்கு என்ரை வீட்டிலை என்ன வேலை?"

கிருபைரட்ணம் கதிரையில் நிமிர்ந்தார்.

"ஏன் என்னைப் பாக்கிறாய்? உன்ரை கண்ணும் ஆளும். எழும்பிப் போ."

பதினான்கு வருடமாக அவரை டொக்டர் என்றுதான் அழைத்தவள். "துடங்கியிட்டுது," என்றார் கிருபைரட்ணம். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அவரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

கை நடுங்கியது. மேலுதட்டில் வியர்வை துளித்தது, பிறகு கழுத்தில், பிறகு சட்டை நனைந்தது. மேளம் இல்லை, கற்பூரம் இல்லை. வேலிக்கு அங்கால் யாரோ விறகு கொத்தினார்கள். அவளுடைய கண் பஞ்சலிங்கத்தைத் தாண்டி எங்கோ நின்றது. கோயிலில் நின்றதும் அதே கண்தான்.

"கேளுங்கோ, கெதியாய்," என்றார் கிருபைரட்ணம் செம்பை எடுத்துக்கொண்டு.

பஞ்சலிங்கம் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். "பெடியன் எங்கை நிக்கிறான்?"

உச்சி வெயில் விறாந்தை விளிம்பில் எறித்தது. அவளுக்குப் பல் கிட்டியது.

"குளிருது," என்றாள்.

"காணும், போதும்." கிருபைரட்ணம் செம்பை அவளுடைய வாயில் வைத்தார். அவள் தட்டிவிடப் பார்த்தாள். பஞ்சலிங்கம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதல் மிடறு சட்டையில் போனது, இரண்டாவது உள்ளே போனது. அதன்பின் அவளாகவே குடித்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"வந்ததோ?"

"வந்தது."

"என்ன சொன்னனான்?"

"டொக்டரை எழும்பிப் போகச் சொன்னனீர்."

"ஐயோ." கிருபைரட்ணத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "பிறகு?"

"குளிருது எண்டு சொன்னனீர்."

அவள் ஈரச் சட்டையை முதுகில் இருந்து இழுத்துவிட்டுக்கொண்டாள். கிருபைரட்ணம் ஊசியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.

"அப்ப இராசாத்திக்கு என்ன சொல்லுறது?" என்றாள்.

"சொல்லாமலும் விடலாம்," என்றார் கிருபைரட்ணம். "நீங்கள் கோயிலுக்குப் போகாட்டிச் சரி."

"அவள் அங்கை போய் ஒவ்வொரு வெள்ளியும் எனக்குக் காவல் இருப்பாள், டொக்டர்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குணலட்சுமி புட்டு அவித்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். குளிசையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு விறாந்தையில், ஒழுங்கைக்குத் தெரியக் கூடிய இடமாகப் பார்த்து, சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தாள். உள்ளே இருந்து சாப்பிடலாமே என்று பஞ்சலிங்கம் சொன்னார். அவள் கேட்கவில்லை. முதல் வாய் வைப்பதற்கு அவளுக்கு நேரம் எடுத்தது. ஐம்பத்தேழு வருடப் பழக்கம். பிறகு வைத்தாள்.

இராசாத்தி பூவோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். குணலட்சுமியைக் கூட்டிப் போவதற்கு வந்தவள் கோப்பையைக் கண்டு நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? இண்டைக்கு வெள்ளியல்லோ!"

"தெரியும். இரு பிள்ளை."

"துடக்கோ?"

"துடக்கில்லை. எனக்குச் சீனி வருத்தம். குளிசையைக் கூடப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறன். அதாலை வந்த நடுக்கம். அம்மாளாச்சி இல்லை."

இராசாத்தி பஞ்சலிங்கத்தைப் பார்த்தாள். "அண்ணை ஏதும் சொல்லித் தந்தவரோ?"

"இல்லை. புதன்கிழமை நானே பரிசோதிச்சுப் பாத்தனான். இதிலை, இந்தக் கதிரையிலை இருந்து. அதே நடுக்கம், அதே வேர்வை. உன்ரை கேள்வியைத்தான் கேக்கச் சொன்னனான். அதே பதில்தான் சொன்னனானாம்."

"அப்ப உண்மைதானே அக்கா? ரெண்டு தரமும் ஒண்டைத்தானே சொல்லியிருக்கிறியள். அவன் குளிர் தேசத்திலை நிக்கிறான் எண்டு."

குணலட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் குளிர்ந்தது, பிள்ளை. எனக்குத்தான் குளிர்ந்தது. உன்ரை பெடியன் எங்கை எண்டு எனக்குத் தெரியாது."

இராசாத்தியின் முகத்தில் இத்தனை வாரமாக இருந்தது மெல்ல மெல்ல இறங்குவதைப் பஞ்சலிங்கம் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒரு பிழையான பெருக்கலுக்கு இவ்வளவு தூரம் போக முடியும் என்று அவர் எண்ணியதில்லை.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றாள் இராசாத்தி.

"விட்டிருந்தால் நீ என்னைக் கேட்டுக் கேட்டே சாகடிச்சிருப்பாய்."

இராசாத்தி அதை மறுக்கவில்லை. பூவை விறாந்தைக் கட்டின் மேல் வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். படலை வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"வல்வெட்டித்துறையிலை ஒருத்தர் இருக்கிறாராம். உரு வந்து சொல்லுறவராம். போன வெள்ளி வந்த ஆக்கள் சொன்னவை. நான் நாளைக்கு அங்கை போறன்."

பஞ்சலிங்கம் விறாந்தைத் தூணில் இருந்து நிமிர்ந்தார். "அவருக்கு எத்தினை வயசாம்?"

"எழுவது இருக்குமாம்."

"விரதக்காரரோ?"

"ஓம். செவ்வாயும் வெள்ளியும்."

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். குணலட்சுமி அவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டார். இராசாத்தி படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையில் இறங்கினாள்.

குணலட்சுமி கோப்பையை எடுத்து மடியில் வைத்து, மிச்சப் புட்டையும் குழைத்துச் சாப்பிட்டாள். மணி பதினொன்றே கால். அவளுடைய கை நடுங்கவில்லை.